பின் இருக்கையின் கனம்

நம்பாதவர்களோடு நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. எனக்கு மல்லுக்கு நிற்க வராது. என் இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. ஏணிப்படியின் விளிம்பு கிழித்தது. குளிக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நடந்தது, கனவில்லை என்பதற்கு எனக்கு அது போதும். இதில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும், அம்மாவிடம்கூடச் சொல்லாமல், ரொம்ப நாள் விழுங்கி வைத்திருந்தேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பா ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். வாரம் முழுக்க அடுத்தவர் சமையலறைகளில் மண்டியிட்டுக் கிடப்பார். சனிக்கிழமை வந்தால் கடல். கிளப்பில் ஒரு நண்பரின் பாய்மரப் படகில் ஓசியில் போய்க்கொண்டிருந்தார். அந்த நண்பர் படகை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போனதும், அப்பாவுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. சொந்தமாக ஒரு பழைய படகு வாங்குவது என்று முடிவெடுத்தார்.

"யார் வருவா உங்ககூட?" என்றாள் அம்மா.

"இவ இருக்காளே."

"நல்ல ஜோடி. ஒரு காத்துக்கிறுக்கு, ஒரு ஊமைக்கோட்டான்."

அம்மா சொன்னதில் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது என் குரல் தொண்டையைத் தாண்டாது. வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பேன், வரவில்லை என்று குறித்துவிடுவார்கள். ஒருநாள் நிஜமாகவே போகாமல் இருந்துவிட்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

படகில் மட்டும் நான் உபயோகம். பழைய மாதிரிப் படகுகளில் பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு படகின் வால்பக்கத்தில் இருக்கும். கயிறு பிடிப்பவர் சுக்கான் பிடிப்பவருக்குப் பின்னால், ஓரத்தில் உட்கார வேண்டும். காற்று படகை எந்தப் பக்கம் சாய்க்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கனம் கொடுக்க வேண்டும். படகு திரும்பும்போது நாமும் குனிந்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தாவ வேண்டும். சுக்கான் பிடித்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. கண் பாயை விட்டு நகர்ந்தால் காற்று கைவிட்டுப் போய்விடும். இது அப்பாவின் சட்டம்.

என் குரல்தான் காற்றில் கேட்காதே. அதற்கும் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். "திரும்பறேன்" என்பார். நான் தாவி உட்கார்ந்ததும் பலகையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். டக். டக். உட்கார்ந்துவிட்டேன் என்று அர்த்தம். அப்பா திரும்பாமலே தலையாட்டுவார்.

இந்த ஏற்பாடுதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

படகு பார்க்கப் போவது பெண் பார்க்கப் போவதைவிட மோசம். வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்திருப்பார்கள். உள்ளே கேபினில் பூஞ்சை வாடை குடலைப் புரட்டும். ஒன்றில் இன்ஜின் காசநோய்க்காரர் போல இருமியது. இன்னொன்றின் அடிப்பாகம் ரொம்ப ஆழம். கழிமுகத்துக்குள் போனால் சேற்றில் குத்தி நின்றுவிடும். அப்பாவுக்கு வேண்டியது இரண்டு பேர் படுக்க ஒரு கேபின், கரையோரமாக ஊர் ஊராகப் போய்ப் பார்க்க ஆழமில்லாத அடிப்பாகம், சனிக்கிழமைப் பந்தயத்தில் கடைசியாக வராத அளவுக்கு வேகம். "இதெல்லாம் ஒரே படகுல வேணும்னா நீங்களே ஒண்ணு பெத்துக்கணும்" என்றார் ஒரு தரகர்.

அதே தரகர்தான் ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். ஒன்று இருக்கிறதாம்.

நாங்கள் போனபோது மதியம் தாண்டிவிட்டது. வானம் அலுமினியத் தட்டு மாதிரி இருந்தது. படகுத்துறையின் கடைசியில், மற்ற படகுகளை விட்டுத் தள்ளி, தனியாகக் கட்டியிருந்தார்கள். வெள்ளை உடம்பு, ஓரத்தில் தேக்குப் பட்டை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். மனுஷன் அந்த அழகில் விழுந்துவிட்டார்.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது வேறு. படகு சாய்ந்திருந்தது. கொஞ்சம்தான். பின்பக்கம், வலது ஓரம், இரண்டு விரல் அளவு தாழ்ந்திருந்தது. யாரோ அங்கே உட்கார்ந்திருக்கிற மாதிரி.

நான் அப்பாவின் சட்டையை இழுத்துக் காட்டினேன்.

"பேட்டரி அந்தப் பக்கம் இருக்கு" என்றார் தரகர், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பாதான் கயிறு பிடிக்குமா?"

"ஆமா."

"பேசாதா?"

"பேசும். கேக்கத்தான் ஆள் இல்ல" என்றார் அப்பா.

தரகர் சிரித்தார். ஆனால் படகில் ஏறவில்லை. துறையில் நின்றபடியே கையை நீட்டிச் சாவியைக் கொடுத்தார். "எனக்கு வயித்துக்கு ஒத்துக்காது. நீங்க பாத்துட்டு வாங்க" என்றார். படகு விற்கிறவருக்குப் படகு ஒத்துக்காதாம். அப்பா அதைக் கவனிக்கவில்லை. புதுப் பொம்மை கிடைத்தவர் போல ஏறிவிட்டார்.

பழைய படகை வாங்கும் முன் அதன் உடம்பைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுவோம். நல்ல இடம் 'டக்' என்று கேட்கும். உள்ளே தண்ணீர் இறங்கி ஊறிப்போன இடம் 'தொப்' என்று கேட்கும். அப்பா கேபினுக்குள் இன்ஜினைக் குடைந்துகொண்டிருந்தார். மேல்தளத்தைத் தட்டும் வேலை எனக்கு.

டக். டக்.

நகர்ந்தேன்.

டக். டக்.

எங்கேயும் ஊறல் இல்லை. இவ்வளவு வயதான படகில் ஒரு 'தொப்'கூட இல்லாதது எனக்கே ஆச்சரியம். பின் ஓரத்துக்கு வந்தேன். வலது மூலை. அங்கே இருக்கை மட்டும் ஈரமாக இருந்தது. மழை இல்லை. மற்ற இடமெல்லாம் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த பெரிய பாய்க் கயிற்றின் முனையும் ஈரம். இப்போதுதான் யாரோ கையிலிருந்து விட்ட மாதிரி.

தட்டினேன். டக். டக்.

கீழேயிருந்து வந்தது.

டக்... டக்.

அப்பாதான் உள்ளேயிருந்து விளையாடுகிறார் என்று நினைத்தேன். கேபின் வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன். அப்பா முன்பக்கம், படுக்கைக்குக் கீழே தலையை விட்டு, காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். பின் மூலைக்கும் அவருக்கும் ஒரு படகு நீளம்.

"பேட்டரி இடது பக்கம்டி இருக்கு" என்று உள்ளேயிருந்து கத்தினார். "அந்த ஆளுக்கு எதுவும் தெரியல."

நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் கேபினிலிருந்து கிரீஸ் அப்பிய முகத்தோடு வெளியே வந்த அப்பா அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். "இதான். இதேதான். அடுத்த சனிக்கிழமை பந்தயத்துல இறக்கறோம்" என்றார். நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

மணி நாலேகால் இருக்கும். ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். தரகர் துறையில் நின்று கயிற்றை அவிழ்த்துவிட்டார். கையசைக்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை. படகின் வால்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே காற்று நன்றாக இருந்தது. பாயை ஏற்றியதும் படகு ஒரு சிலிர்ப்போடு கிளம்பியது. அப்பா முன்னால், சுக்கானைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாயின் உச்சியைப் பார்த்தபடி. நான் பின்னால், கயிற்றோடு.

"திரும்பறேன்."

தாவினேன். உட்கார்ந்தேன். படகு நிமிர்ந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன்... அதற்குள் படகு இன்னொரு முறை, மெதுவாக, நிமிர்ந்தது.

எனக்குப் பின்னால் இன்னொருவர் தாவி உட்கார்ந்த மாதிரி.

தட்டினேன். அப்பா தலையாட்டினார்.

"பாத்தியா எப்படி நிக்குதுன்னு? ஆணி அடிச்ச மாதிரி" என்றார்.

அடுத்த திருப்பத்திலும் அதே. முதலில் என் கனம். ஒரு மூச்சு விட்டு, இன்னொரு கனம். அப்புறம் கயிறு. நான் இழுக்கும் முன்பே அது இறுகியது. என் கைக்குப் பின்னாலிருந்து யாரோ வாங்கி இழுக்கிற மாதிரி, சரியான அளவில், சரியான நேரத்தில். கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற மாதிரி முதுகு ஜில்லென்று ஆனது. கழுத்தைத் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

"கயிறு தானா நிக்குதுடி! இந்தப் படகுக்கு ஆளே வேண்டாம் போலிருக்கு."

விளையாட்டாகத்தான் சொன்னார். இருந்தாலும் சுருக்கென்றது. எனக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான்.

வெளிச்சம் குறையத் தொடங்கியது. தூரத்தில் கரை ஒரு கோடாகத் தெரிந்தது. காற்று கூடியது. அப்பா திரும்பிப் போக முடிவெடுத்தார்.

"திரும்பறேன்."

வலது ஓரத்துக்குத் தாவினேன்.

உட்காரப் போனேன்.

இடம் இல்லை.

இதை எப்படிச் சொல்வது... இருட்டுப் பேருந்தில், காலி என்று நினைத்து, ஆள் இருக்கும் இருக்கையில் உட்காரப் போனால் எப்படி இருக்கும்? அப்படி. என் இடுப்பில் ஒரு முழங்கால் பட்டது. ஈரமான முழங்கால். கண்ணுக்கு ஒன்றுமில்லை. வெறும் பலகை.

அதே நேரம் படகு எகிறியது.

நான் பின்னோக்கிப் போனேன்.

தண்ணீர்.

மூக்கு, வாய், காது எல்லாம் தண்ணீர். கை எதையோ பிடித்தது. வால்பக்கத்து ஏணியின் கடைசிப் படி. கால் அதில் மோதிக் கிழிந்தது. அப்போது வலி தெரியவில்லை. லைஃப் ஜாக்கெட் என்னை மேலே தூக்கியது. படகு என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடியது. அலை தூக்கும்போது அப்பாவின் பின்தலை தெரிந்தது. இருக்கை என் தலைக்கு நேர் மேலே, பலகைக்கு அந்தப் பக்கம்.

இப்போது படகு சாயும், பாய் படபடக்கும், அப்பா திரும்பிவிடுவார் என்று காத்திருந்தேன்.

படகு சாயவில்லை.

பாய் படபடக்கவில்லை.

கயிறு என் தலைக்கு மேலே விறைப்பாக நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அது இழுபட்டது. ஒரு முழம். இன்னொரு முழம். ஒரு கை மாற்றி ஒரு கை.

பிறகு, என் நெற்றிக்கு அருகே, பலகையின் உள்பக்கத்தில்...

டக்.

டக்.

அப்பா தலையாட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது தொண்டையில் நிற்குமே அதே கட்டி. விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. முதலில் சுண்டுவிரல். பிறகு அடுத்தது.

"அப்பா..."

காற்று தின்றுவிட்டது.

"அப்பா!"

என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. கரகரவென்று, யாரோ ஒருத்தியின் குரல்.

அப்பா திரும்பினார்.

பார்த்தார்.

ஆனால் தண்ணீரைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, இருக்கையைப் பார்த்தார். ஒரு நொடி. இரண்டு நொடி.

பிறகு முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் யாரிடமும் சொல்லாமல் விழுங்கி வைத்திருந்தது இதைத்தான்.

அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கவில்லை. அதுவாக வந்தது.

"தட்டினது நான் இல்லப்பா!"

அப்பா மறுபடி திரும்பினார்.

டக்.

டக்.

அதற்கப்புறம்தான் அப்பா சுக்கானை விட்டார். பாய் பைத்தியம் பிடித்த மாதிரி அடித்துக்கொண்டது. இரண்டு கைகள் வந்து என் ஜாக்கெட் கழுத்தைப் பிடித்தன. தூக்கும்போது அப்பாவின் கண்கள் மூடியிருந்தன. இறுக்கி மூடியிருந்தன.

பாயை அவிழ்த்துப் போட்டுவிட்டு இன்ஜினில்தான் கரைக்கு வந்தோம். என்னைக் கேபின் வாசலில், தன் முகத்துக்கு நேராக உட்கார வைத்தார். கரை வரும் வரை என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படகு வலது பின் ஓரம் இரண்டு விரல் தாழ்ந்தே வந்தது.

துறையில் தரகர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தொப்பலாக நனைந்த என்னைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்கல்ல?" என்றார்.

அப்பா சாவியை அவர் காலடியில் போட்டுவிட்டு நடந்தார்.

சில மாதம் கழித்து வேறு ஒரு படகு வாங்கினோம். அழுக்கு மஞ்சள், ஆமை வேகம், மேல்தளத்தில் நாலைந்து இடம் 'தொப்'. அம்மா பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு ஆட்டம்" என்றாள். அதன் பாயில் கிழிசல் இருந்தது. துறைமுகத்துக்குப் பின்னால் பாய் தைக்கும் ஒரு அம்மாவிடம் எடுத்துப் போனோம். பேச்சுவாக்கில் அப்பா அந்த வெள்ளைப் படகைப் பற்றிக் கேட்டார்.

அந்த அம்மா தையல் மெஷினை நிறுத்தினார்.

"அண்ணன் தம்பி படகு அது. அண்ணன் சுக்கான், தம்பி கயிறு. ஒரு பந்தயத்துல ஜெயிச்சாங்க. நாங்கெல்லாம் கரையில நின்னு கைதட்டினோம். அண்ணன் துறைக்கு வந்து, திரும்பாமலே 'கயித்தை விடுடா'ன்னார். கயித்தை விட ஆள் இல்ல."

"எங்க போனான்?"

"தேடி எடுத்தாங்க. முதல் திருப்பத்துப் பக்கத்துல கிடந்தான். பந்தயம் ஆரம்பிச்ச உடனே விழுந்திருக்கான்னு சொன்னாங்க." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார். "ஆனா படகு ஜெயிச்சு வரும்போது ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க. கரையில நின்ன அத்தனை பேரும் பாத்தோம். நானும்தான் பாத்தேன்."

திரும்பி வரும்போது அப்பா வேனை ஓரங்கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"நீ எங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கே. கேக்க மாட்டேங்கிற."

நான் தலையாட்டினேன்.

"நீ முதல்ல கத்தினப்போ திரும்பினேன். நீ உன் இடத்துலதான் உக்காந்திருந்தே."

என் கை தானாகத் தழும்புக்குப் போனது.

"நீயேதான். உன் ஜாக்கெட். உன் பின்னல். குனிஞ்சு கயித்தைப் பாத்துக்கிட்டு, வழக்கமா எப்படி இருப்பியோ அப்படியே. தண்ணிக்குள்ளயிருந்து யாரோ அப்பான்னு கத்தறாங்க. அந்தக் குரல் எனக்குத் தெரியல. நீ கத்தி நான் கேட்டதே இல்லையே. எம்பொண்ணு கத்த மாட்டா... எம்பொண்ணு இதோ உக்காந்திருக்கான்னுதான் முன்னாடி திரும்பிட்டேன்."

அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"அப்புறம் நீ சொன்னே, தட்டினது நான் இல்லேன்னு. மறுபடி திரும்பினேன். அது நிமிர்ந்து என்னைப் பாத்துச்சு. பாத்துக்கிட்டே தட்டுச்சு."

அதன் முகம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறோம். கடைசியாகத்தான் வருகிறோம். நான் தட்டுவதில்லை, "உக்காந்துட்டேன்பா" என்று சத்தமாகச் சொல்கிறேன். அப்பா தன் சட்டத்தை மீறி, ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பிப் பார்க்கிறார். பார்த்த பிறகும் உடனே முகத்தைத் திருப்புவதில்லை.

"ஏதாவது பேசிக்கிட்டே வா கண்ணு" என்கிறார். "எதுவா இருந்தாலும் சரி. நிறுத்தாம பேசு."